201 மீட்டர் டிராக் பந்தயத்தில் செலவு குறைந்த தொடக்கநிலைப் பிரிவு: வரைவும் விவாதமும்

நாற்பத்திரண்டு பல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இருங்காட்டுக்கோட்டையில் தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயம் (இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் drag பந்தயம்) நடக்கும்போதெல்லாம், வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சொந்தமாக 125 அல்லது 150 சிசி வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள்தான். அவர்கள் உள்ளே வந்து ஓட்டுவதற்கு இன்று இருக்கும் வழி மிகவும் குறுகலானது. 165 சிசி நான்கு ஸ்ட்ரோக் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் வரிசையில் நிற்கும் வண்டிகள் கேம் ஷாஃப்ட் முதல் பிஸ்டன் வரை மாற்றப்பட்டு, எடை முழுவதும் குறைக்கப்பட்டு, அணியின் குட்டியானையில் ஏறி வருபவை. ஷோரூமில் வாங்கிய வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு வரும் ஒருவர் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு வீடு திரும்புவார். அடுத்த ஆண்டு வரவும் மாட்டார்.

வராதவர்கள் எங்கே போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நள்ளிரவில் ஓட்டுகிறார்கள். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டம் கடுமையாகியும் அந்தப் பந்தயங்கள் ஓயவில்லை. போக்கிடம் கொடுக்காமல் தடுத்தால் மட்டும் ஓயாது என்பது என் எண்ணம்.

ஆகவே ஒரு தொடக்கநிலைப் பிரிவுக்கான வரைவை முன்வைக்கிறேன். 165 சிசி வரையிலான, பதிவெண் உள்ள நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் மட்டும். எஞ்சினுக்குள் எந்த மாற்றமும் கூடாது; தயாரிப்பாளர் கொடுத்த சைலன்சரும் டயர் அளவும் அப்படியே இருக்க வேண்டும்; செயின் ஸ்ப்ராக்கெட் பற்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தூரம், டிராக் பந்தயத்தின் உலக வழக்கமான 402 மீட்டரில் பாதியான 201 மீட்டர். வண்டியின் விலையைத் தவிர்த்து, ஒரு புதியவருக்கு ஓர் ஆண்டு முழுவதும் ஆகும் செலவு 15,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதே என் இலக்கு. குறைகளைச் சொல்லுங்கள், திருத்தி எழுதி, பந்தயத்தை நடத்தும் கிளப்பிடம் கொண்டுபோவோம்.

அம்பத்தூர் லேத்

தம்பி, உங்கள் நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் எஞ்சினுக்குள் மாற்றம் செய்யவில்லை என்பதைப் பந்தய நாளில் எப்படிச் சோதிக்கப் போகிறீர்கள் என்று வரைவில் ஒரு வரிகூட இல்லை. பிரிவு உடைந்துபோகும் இடம் அதுதான்.

சிலிண்டர் தேய்ந்தால் கால் மில்லி, அரை மில்லி பெரிதாகக் குடைந்து அடுத்த அளவு பிஸ்டனைப் போடுவது பழுது நீக்கும் வேலையிலேயே அடக்கம். அந்தப் பிஸ்டன் புதுப்பேட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சிலிண்டரின் மூடியான ஹெட்டை அரை மில்லி சீவி (ஃபேஸிங்) அழுத்தத்தை ஏற்றுவது என் பட்டறையில் அரை மணி நேர வேலை. வால்வைத் திறக்கும் கேம் லோபில் கொஞ்சம் அரைத்துவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் மேப்பை மாற்றினால் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்கள். இவற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பந்தயம் முடிந்ததும் ஹெட்டைத் திறந்து வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். கேஸ்கெட் செலவு யாருடையது? திறந்த வண்டியை அன்று மாலையே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டிய பையன் என்ன செய்வான்? அளந்து பார்த்து ஒருவரைத் தகுதிநீக்கம் செய்தால், அடுத்த சுற்றுக்கு அவருடைய நண்பர்கள் பத்துப் பேர் வர மாட்டார்கள்.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் விதி எதுவாக இருந்தாலும், பணம் உள்ளவர் அந்த விதிக்குள்ளேயே செலவழிக்க இடம் கண்டுபிடிப்பார். நூறு எஞ்சின்களை வாங்கி, அவற்றில் நன்றாக ஓடும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைத் தடுக்க எந்த விதியாலும் முடியாது. எனவே பணம் கொடுத்து வாங்கும் வேகம் வெற்றியைத் தீர்மானிக்காத ஒரு முறையை எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வார இறுதிகளில் நடக்கும் பிராக்கெட் பந்தயம் அத்தகையது. அங்கே குடும்பக் காரும் முழுப் பந்தயக் காரும் ஒரே கோட்டில் நின்று ஓடுகின்றன.

முறை இதுதான். ஒவ்வொருவரும் காலையில் இரண்டு மூன்று தடவை நேரம் பார்த்து ஓட்டி, தன் வண்டி 201 மீட்டரை எத்தனை நொடியில் கடக்கும் என்பதைத் தானே அறிவித்து வண்டியில் எழுதி ஒட்டிக்கொள்கிறார். அதை டயல் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். மெதுவான வண்டிக்கு, இரண்டு டயல் நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். இருவரும் அறிவித்தபடியே ஓடினால் ஒன்றாகக் கோட்டைத் தொடுவார்கள். அறிவித்ததைவிட வேகமாக ஓடிவிட்டால் பிரேக்-அவுட், அதாவது தோல்வி. இருவருமே அப்படி ஓடினால் குறைவாக மீறியவர் வெல்வார். பச்சைக்கு முன் நகர்ந்தால் சிவப்பு, அதுவும் தோல்வி. வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கத் தேவையில்லை, ஏனென்றால் உள்ளே எது இருந்தாலும் அதனால் பயன் கிடைக்காது.

சோழவரம் ரன்வே

இருவரும் பேசுவதைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. சில பழைய செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அவை இந்த விவாதத்துக்கு உதவக்கூடும்.

சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் திறக்கப்படும்வரை எங்களுக்கு எல்லாமே சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. அங்கே நாங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டே வருவோம். பக்கக் கண்ணாடியையும் இண்டிகேட்டரையும் கழற்றி ஒரு துண்டில் சுற்றி வைத்துவிட்டு ஓட்டுவோம். மாலையில் அவற்றைத் திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இப்போதைய பந்தயத்தில் மறைந்துபோனது அதுதான். பந்தய வண்டி என்று தனியாக ஒன்று தேவைப்பட்ட அன்றே சாதாரணக் குடும்பத்துப் பையன்கள் விலகிவிட்டார்கள்.

செலவைக் குறைத்து ஆட்களைச் சேர்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். உள்ளூர்ச் சாலையில் ஓடும் எஞ்சின், உள்ளூரில் கிடைக்கும் உதிரிப் பாகம் என்பதால், இறக்குமதிக் காரை நினைத்துப் பார்க்கவும் முடியாத ஒரு தலைமுறையே அதில் பந்தயம் கற்றுக்கொண்டது. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்த பிறகும் அந்தப் பாதை தொடர்ந்தது. செட்டிபாளையத்தில் உள்ள ஓடுதளத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. டிவிஎஸ் நிறுவனம் 1994 முதல் நடத்திவரும் ஒரே மாடல் பந்தயமும் எல்லோருக்கும் ஒரேமாதிரியான வண்டியைக் கொடுத்துச் செலவைக் கட்டுப்படுத்தும் வழிதான். ஆனால் அதற்கு ஒரு பெரிய நிறுவனம் பின்னால் நிற்க வேண்டும். நமக்கு அப்படி யாரும் இல்லாத நிலையில், லேத் சொல்லும் முறைதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆர்எக்ஸ் திருச்சி

மன்னிக்கவும் அண்ணா, என்னால் இதை ஏற்க முடியவில்லை. டிராக் பந்தயம் என்றால் ஒரே நேரத்தில் கிளம்பி, முதலில் கோட்டைத் தாண்டுபவன் வெல்வது. வேகமாக ஓடியதற்காக ஒருவன் தோற்றான் என்று என் ஊர் நண்பர்களிடம் எப்படி விளக்குவேன்? என் டூ ஸ்ட்ரோக் யமஹா ஆர்எக்ஸ் 100க்குப் போர்ட் வேலை (சிலிண்டர் துளைகளைச் செதுக்குவது), எக்ஸ்பான்ஷன் சேம்பர் (வேகத்துக்கான புகைக்குழாய்), கார்புரேட்டர் என்று இரண்டு ஆண்டுச் சேமிப்பைப் போட்டிருக்கிறேன். அதன் பலனை அளந்து பார்க்க வேண்டாம், மெதுவான வண்டியுடன் சமமாக வந்து சேர் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. இழையைத் தொடங்கிய அண்ணனின் வரைவிலோ டூ ஸ்ட்ரோக்குக்கு இடமே இல்லை. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996இல் நின்றுபோனாலும் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்தில் டிராக் என்றால் இன்றும் அதுதான். அதை வெளியே நிறுத்திவிட்டுத் தொடக்கநிலைப் பிரிவு நடத்தினால் எங்கள் பக்கத்திலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

அம்பத்தூர் லேத்

தம்பி, டூ ஸ்ட்ரோக்கைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நான் சொல்லும் முறையில் அதற்கும் இடம் உண்டு, சிசி வரம்பே தேவையில்லை. மற்றொரு கேள்விக்கு உங்கள் வண்டியையே வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் ஆர்எக்ஸ் 201 மீட்டரை 11.40 நொடியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பாதையில் மூன்று கைகள் மாறிவந்த பழைய பல்சர் 150. அதன் டயல் நேரம் 12.30. வித்தியாசம் 0.90 நொடி. விளக்குக் கம்பத்தில் ஒவ்வொரு பாதைக்கும் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் இறங்கி, அடுத்த அரை நொடியில் பச்சை எரியும். பல்சருக்குப் பச்சை விழுந்து 0.90 நொடி கழித்து உங்களுக்கு விழுகிறது. பல்சர்காரர் பச்சை எரிந்து 0.18 நொடியில் கிளம்பி, 12.34இல் ஓடி முடிக்கிறார். நீங்கள் 0.29 நொடியில் கிளம்பி 11.42இல் முடிக்கிறீர்கள். அறிவித்த நேரத்தைக் கடைப்பிடித்ததில் நீங்கள்தான் துல்லியம்: உங்கள் பிசகு 0.02, அவருடையது 0.04. ஆனால் கிளம்பிய தாமதத்தையும் சேர்த்தால் அவருக்கு 0.22, உங்களுக்கு 0.31. அவர் 0.09 நொடியில் வெல்கிறார். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும் உங்களுக்கு அது இரண்டரை மீட்டர், ஏறத்தாழ ஒரு வண்டி நீளத்துக்குச் சற்று அதிகம்.

கோட்டை முதலில் தாண்டியவர்தான் வென்றார் என்பதைக் கவனியுங்கள். பிரேக்-அவுட் நேராதவரை இந்த முறையிலும் அதுவே விதி. பார்வையாளர் கண்ணுக்கு முன்னால் போன பல்சரை ஒரு ஆர்எக்ஸ் துரத்திக்கொண்டே வந்து கடைசி மீட்டரில் எட்டிப்பிடிக்க முயல்வது தெரியும். ஒரே நேரத்தில் கிளப்பியிருந்தால் நீங்கள் பாதித் தூரத்திலேயே அவரை விட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். பார்க்க அதில் எதுவும் இருந்திருக்காது. நீங்கள் தோற்ற இடம் கிளட்ச்சை விட்ட கணம். அதைச் சரிசெய்ய உங்கள் சேமிப்பில் ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை, பழகினால் போதும். போர்ட் வேலையின் பலனும் வீணாகாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரச் சீட்டு கையில் கிடைக்கும். கிளம்பிய தாமதம், முதல் பதினெட்டு மீட்டருக்கான நேரம், முழு நேரம், கோட்டைக் கடந்த வேகம் எல்லாம் அதில் இருக்கும். வேலை செய்வதற்கு முன் ஒரு சீட்டு, பின் ஒரு சீட்டு என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டறைக்காரர் சொன்னது உண்மையா என்பது தெரிந்துவிடும்.

கோவை டைனோ

இடையில் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. டயல் நேரத்தைக் காலையில் ஒருமுறை அறிவித்துவிட்டு மாலைவரை மாற்றக் கூடாது என்று விதி எழுதிவிடாதீர்கள். காலை 28 டிகிரியாக இருந்த வெப்பம் மதியம் 38க்குப் போனால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். எஞ்சின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும். 12.30இல் ஓடிய வண்டி 12.40ஐத் தாண்டிவிடக்கூடும். இந்தப் பந்தயத்தில் அது மிகப் பெரிய இடைவெளி. மதியத்துக்குப் பின் கடற்காற்று புகுந்து, அது எதிர்க்காற்றாக அமைந்தால் இன்னும் கொஞ்சம் போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு டயல் நேரத்தை மாற்றி எழுத அனுமதி வேண்டும்.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி காற்றுக்கு ஏற்ப எரிபொருளைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டியில் கலவை கனத்துப்போகும், அதாவது காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் கூடிவிடும். அதைக் கணித்து ஓட்டுபவருக்கு அனுபவம் வேண்டும். ஆர்எக்ஸ்காரர்கள் சின்ன நோட்டு ஒன்றில் வெப்பநிலை, ஜெட் (கார்புரேட்டரின் பெட்ரோல் துளை) அளவு, ஓடிய நேரம் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டால் சில பந்தயங்களிலேயே பிடிபட்டுவிடும். 2020க்குப் பிறகு பிஎஸ் 6 மாசு விதிப்படி வந்த வண்டி வைத்திருக்கும் புதியவருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. அவர் டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, ஒரே ஆர்பிஎம்மில் (எஞ்சின் சுழலும் வேகத்தில்) கிளட்ச்சை விட்டால் பத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல் வேறுபடாமல் மீண்டும் மீண்டும் ஓட முடியும்.

மஞ்சள் ஹெல்மெட்

வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைப் போன்றவர்களை வெளியே நிறுத்தியிருப்பது பாதுகாப்பு உடையின் விலை. என்னிடம் இருக்கும் ஸ்கூட்டரை அப்படியே கொண்டுவந்து ஓட்டலாம் என்று லேத் ஐயா சொல்வதால் வண்டிச் செலவு தீர்ந்துவிட்டது. ஆனால் முழுத் தோல் உடை, கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், சர்வதேச ஈசிஈ தரச்சான்று உள்ள முழுமுக ஹெல்மெட் என்று கணக்குப் போட்டால் என் ஸ்கூட்டரின் இன்றைய விலையே வந்துவிடுகிறது. என் அளவுக்கு உடை கடையில் கிடைப்பதும் இல்லை. ஆண்களின் அளவில் வாங்கி, தோள்பட்டைப் பாதுகாப்புத் தகடு முழங்கைப் பக்கம் இறங்கி நிற்கும் உடையைப் போட்டுக்கொண்டு விழுந்தால், அது போடாததற்குச் சமம்.

இதில் விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உடை விதியைத் தளர்த்தி செலவைக் குறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கிளப்பே ஐந்தாறு அளவுகளில் ஆண், பெண் இருபாலருக்கும் உடைகளைத் தைத்து வைத்து, நாள் வாடகைக்குக் கொடுக்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோல் தொழில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே நேரத்தில் இருவர்தான் ஓடுகிறார்கள், அடுத்து இரண்டு மூன்று ஜோடிகள் காத்திருக்கிறார்கள். ஆகவே பத்து உடைகள் இருந்தால் முப்பது பேர் பந்தயத்தை நடத்திவிடலாம். ஹெல்மெட் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். தலைக்குப் பொருந்துவது ஆளுக்கு ஆள் வேறுபடும், கீழே விழுந்த வரலாறு வெளியே தெரியாது என்பதால் அதை வாடகைக்கு விடக் கூடாது.

201 மீட்டர் என்ற முடிவை நான் மனதார ஆதரிக்கிறேன். நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து பதற்றமில்லாமல் பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 80 மீட்டர் போதும். அதே அழுத்தத்தில் 160இலிருந்து நிற்க 200 மீட்டர் வேண்டும். புதியவர் தடுமாறினாலும் அவருக்கு மிச்ச தூரம் இருக்கும். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கில் சுவிட்ச் கயிற்றையும் எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். ஓட்டுபவர் வண்டியிலிருந்து பிரிந்த உடனே எஞ்சின் நின்றுவிடும். அதைப் பொருத்தச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

கொடி மேடை

ஓடுதளங்களில் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷலாகப் பணி செய்பவன் என்ற முறையில், ஓட்டுபவர்களின் கண்ணில் படாத செலவுகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடுதள வாடகை, ஆம்புலன்ஸும் மருத்துவரும், தீயணைப்பு, நேரம் அளக்கும் கருவியும் அதை இயக்கும் ஆட்களும், காப்பீடு ஆகிய ஐந்தும் பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் ஒரே அளவுதான். புதியவர்களுக்கென்று தனியாக ஒரு நாள் எடுத்து முப்பது பேருக்கு இதைப் பங்கிட்டால், நுழைவுக் கட்டணம் ஒன்றே உங்கள் 15,000ஐத் தின்றுவிடும். தேசியச் சுற்று நடக்கும் வார இறுதியில் கருவி, ஆம்புலன்ஸ், மார்ஷல்கள் எல்லோரும் ஏற்கெனவே களத்தில் இருப்பார்கள். அதற்குள் மூன்று மணி நேரத்தைத் தொடக்கநிலைப் பிரிவுக்குக் கேட்டு வாங்குவதே நடைமுறைக்கு உகந்தது.

காப்பீட்டைப் பற்றிப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு இருக்கும் சாதாரண மோட்டார் பாலிசியில் பந்தயப் பயன்பாடும் வேகச் சோதனையும் தெளிவாக விலக்கப்பட்டிருக்கும். ஓடுதளத்தில் வண்டி சேதமானால் ஒரு ரூபாய்கூட வராது. ஆகவே ஓட்டுபவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டை நுழைவுக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பந்தயம் என்றால் இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் போட்டி உரிமமும் தேவை. அந்த உரிமத்துக்கு ஆகும் மருத்துவச் சான்று, கட்டணம் ஆகியவற்றையும் உங்கள் இலக்குத் தொகைக்குள் கொண்டுவந்து காட்டுங்கள், பிறகு மறைமுகச் செலவு என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இங்கிலாந்தில் சாண்டா பாட் என்ற ஓடுதளம் இருக்கிறது. அதுவும் பழைய விமான ஓடுபாதைதான், 1966இல் டிராக் பந்தயத்துக்குத் திறந்தார்கள். பெரிய பந்தயங்கள் இல்லாத நாட்களில், கையில் உள்ள வண்டியைக் கொண்டுவந்து நேரம் பார்க்கலாம் என்று பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை; ஓட்டி, நேரச் சீட்டை வாங்கிக்கொண்டு போகலாம். நம் பிரிவு வேரூன்றியபின் அப்படி ஒரு நாளையும் கேட்கலாம். முதல் ஆண்டே கேட்க வேண்டாம்.

ஆர்எக்ஸ் திருச்சி

லேத் அண்ணனின் கணக்கை என் நண்பர்களிடம் காட்டினேன். பாதிப் பேர் மனம் மாறிவிட்டார்கள், நானும்தான். ஆனால் ஒரு சந்தேகம் தீரவில்லை. 11.40 ஓடக்கூடிய ஒருவன் வேண்டுமென்றே 11.90 என்று அறிவித்துவிட்டு, கோட்டுக்கு அருகில் வந்து பிரேக்கைத் தொட்டு, எதிரியைவிட ஒரு சக்கரம் மட்டும் முன்னால் போனால் என்ன செய்வீர்கள்? பிரேக்-அவுட்டும் ஆகாது, தோல்வியும் வராது. அப்படி ஓட்டத் தெரிந்த பழைய ஆட்கள் வந்து புதியவர்களை ஏமாற்றிவிட்டுப் போவார்கள்.

கொடி மேடை

சரியான கேள்வி. அமெரிக்கப் பிராக்கெட் பந்தயத்தில் அதை ஒரு திறமையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் புதியவர்களுக்கான பிரிவில், அதுவும் இரண்டு சக்கர வண்டியில், முழு வேகத்தில் கோட்டுக்கு முன்பாகப் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பிரேக் பிடிப்பதை மார்ஷலாக என்னால் அனுமதிக்க முடியாது. இரண்டு விதிகள் போதும். அறிவிக்கும் நேரம், அன்றைய நேரம் பார்க்கும் ஓட்டங்களில் கிடைத்த சிறந்த நேரத்திலிருந்து 0.20 நொடிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. வெப்பம் ஏறினால் அதிகாரி அந்த வரம்பை எல்லோருக்கும் பொதுவாகத் தளர்த்தலாம். கோட்டுக்கு முன் பிரேக் விளக்கு எரிந்தால் அந்த ஓட்டம் தோல்வி. சாலையில் ஓடும் பதிவெண் வண்டிதான் நமக்கு வேண்டும் என்பதால் எல்லா வண்டியிலும் பிரேக் விளக்கு இருக்கும். அது எரிகிறதா என்பதைக் காலைச் சோதனையிலேயே பார்த்துவிடலாம்.

சோழவரம் ரன்வே

பழைய ஆட்கள் வருவதைத் தடுக்க இன்னொரு விதியும் சேருங்கள். தேசியப் பிரிவு எதிலாவது மேடை ஏறியவருக்கு இதில் இடமில்லை. இந்தப் பிரிவில் ஓர் ஆண்டு பட்டம் வென்றவரும் அடுத்த ஆண்டு மேலே போய்விட வேண்டும். பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பாவைப் போல ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் பலமுறை தேசியப் பட்டம் வென்றவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பையன்களுக்கு ஆசை வருகிறது. அவர்களை நோக்கி ஏறிப் போகும் படி இதுவாக இருக்க வேண்டும். யாரும் இங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

நாற்பத்திரண்டு பல்

எல்லோருக்கும் நன்றி. எஞ்சின் கட்டுப்பாடுகளை வரைவிலிருந்து முழுவதும் எடுத்துவிட்டேன். பதிவெண், நடப்பிலுள்ள ஆவணங்கள், ஓட்டுநர் உரிமம், வேலை செய்யும் விளக்குகள், தேயாத டயர், செயின் உறை, கில் சுவிட்ச் கயிறு ஆகியவை இருந்தால் எந்த வண்டியும் வரலாம், ஸ்கூட்டர் உட்பட. ஒரே ஒரு வேக வரம்பு வைத்திருக்கிறேன்: 201 மீட்டரை 9 நொடிக்குள் ஓடும் வண்டி இந்தப் பிரிவுக்கு உரியது இல்லை. பெரிய வண்டியுடன் வருபவருக்கு ஏற்கெனவே வேறு பிரிவுகள் உள்ளன என்பதோடு, நிற்கும் தூரத்தைப் பற்றி மஞ்சள் ஹெல்மெட் சொன்னதும் இதற்குக் காரணம்.

பரிசைப் பற்றி யாரும் பேசவில்லை. ரொக்கப் பரிசே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரொக்கம் வந்த இடத்தில் அதைவிட இரண்டு மடங்கு செலவழிக்க ஒருவர் வந்துவிடுவார். அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ என்ற நீண்ட நேரக் கார்ப் பந்தயம், பாதுகாப்புப் பொருள்களைத் தவிர்த்து, காரின் விலை 500 டாலரைத் தாண்டக் கூடாது என்ற விதியால் பெயர் பெற்றது. அங்கும் வெற்றிக்கான பரிசைச் சிறியதாகவே வைத்திருக்கிறார்கள். நாம் வென்றவருக்கு அடுத்த சுற்றின் நுழைவுக் கட்டணத்தையும் ஒரு ஜோடி டயரையும் கொடுப்போம். சிறந்த சராசரித் தொடக்க நேரத்துக்கு ஒரு ஜோடி கையுறை. அது வேகத்துக்கான பரிசு இல்லை என்பதால் 110 சிசி ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கும் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கொடி மேடை அண்ணா, மூன்று மணி நேரத்துக்குள் இதை முடிக்க முடியுமா? கிளப் முதலில் கேட்கப் போகும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கொடி மேடை

32 பேர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். ஆளுக்கு மூன்று நேரம் பார்க்கும் ஓட்டம் என்றால் 96 ஓட்டம், அதாவது 48 ஜோடி. வெளியேற்றச் சுற்றுகள் 31 ஜோடி. ஜோடிக்கு இரண்டு நிமிடம் வீதம் 158 நிமிடம் ஆகிறது. மிச்சமிருக்கும் இருபது நிமிடத்தை இடையில் எண்ணெய் சிந்தினாலோ சங்கிலி அறுந்தாலோ பயன்படுத்த வைத்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்கும் 16 பேருக்கும் தனியாக ஒரு வெளியேற்றப் போட்டி வைத்தால் 15 ஜோடி கூடும். அப்போது மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடும். தூரத்திலிருந்து வருபவர் ஒரே ஒரு போட்டி ஓட்டத்தோடு திரும்பிப் போவதை நான் விரும்பவில்லை. எனவே நேரம் பார்க்கும் ஓட்டத்தை இரண்டாகக் குறைத்து, தோற்றவர்களுக்கான போட்டியை வைத்துக்கொள்ளுங்கள். 32, 31, 15 மூன்றும் சேர்ந்து 78 ஜோடி, 156 நிமிடம்.

சனிக்கிழமை மதியம் பெரிய பிரிவுகளின் தகுதிச் சுற்றுக்கும் மாலை இறுதிக்கும் நடுவே இந்த நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். கேட்கப் போகும்போது வர விரும்பும் 32 பேரின் பட்டியல் கையில் இருக்க வேண்டும். வண்டி எது, போட்டி உரிமம் உண்டா, எந்த அளவு உடை வாடகைக்கு வேண்டும் என்ற மூன்றையும் ஒவ்வொருவரும் இழையைத் தொடங்கியவருக்குத் தனிச் செய்தியில் அனுப்பிவிடுங்கள்.

ஆர்எக்ஸ் திருச்சி

திருச்சியிலிருந்து ஐந்து பேர். நான்கு ஆர்எக்ஸ், ஒரு ஸ்ப்ளெண்டர். யாருக்கும் போட்டி உரிமம் இல்லை. விண்ணப்பத்தை இந்த வாரமே தொடங்குகிறோம். ஐந்து பேருக்கும் உடை வேண்டும், அளவுகளை இரவு அனுப்புகிறேன்.